வாடான்னு கூப்பிடவும் படிக்கணும்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சட்டையில ரெண்டு பொத்தானைக் காணோம், மூக்கு மட்டும் இருந்த எடத்துலயே இருக்குது. அப்படின்னா சண்டை நடக்கல, சண்டைக்குக் கூப்பிட்டது மட்டும் நடந்திருக்குது. யாரை, எதுக்குன்னு நான் கேக்கப் போறதில்ல. கேக்கறது ஒண்ணுதான். என்ன சொல்லிக் கூப்பிட்டே?

"ஒண்டிக்கு ஒண்டி வாடா"ன்னா?

பின்னால ஆறு பேரை நிக்க வெச்சுக்கிட்டு ஒண்டிக்கு ஒண்டி. நல்லாத்தான் இருக்குது. அவன் என்ன சொன்னான்? "நீ வாடா பாக்கலாம்"னான். நீ? "ஆம்பளையா இருந்தா நீ இங்க வாடா"ன்னே. அவன் "தில் இருந்தா நீ வாடா"ன்னிருப்பான். நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நான் பார்த்த சண்டையில முக்கால்வாசி இந்த இடத்துலயே முடிஞ்சு போச்சு. கல்யாணத்துக்குக் கூட சொந்தக்காரனை இத்தனை தடவை வா வான்னு கூப்பிட்டிருக்க மாட்டான். ரெண்டு பேரும் கூப்பிடறான், ஒருத்தனும் போறதில்ல. நடுவுல பத்தடி எடம் காலியாவே கெடக்கும். 2003ல 'வின்னர்' படத்துல வடிவேலு கைப்புள்ளயா வந்து, தரையில ஒரு கோட்டைக் கிழிச்சு, இதைத் தாண்டி நீயும் வரக்கூடாது நானும் வரமாட்டேன்னு பேசினப்போ ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சவங்க பூரா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பழகினவங்கதான்.

அடிக்கிறதுக்கு உடம்பு இருந்தா போதும்டா. கூப்பிடறதுக்குத்தான் படிப்பு வேணும். உனக்கு அது பத்தல. கொஞ்சம் சொல்றேன், கேட்டுக்க.

டீக்கடை வாசல்ல ரெண்டு பேருக்கு வாய் தடிச்சா, நீ வாயைப் பார்க்காதே, துணியைப் பாரு. தோள்ல கெடக்கற துண்டுதான் மொதல்ல அசையும். எடுத்து ஒரு உதறு உதறுவான். உதறின துண்டு திரும்பத் தோளுக்கே போச்சுன்னா நீ நிம்மதியா டீயைக் குடிக்கலாம். தலைக்குப் போச்சுன்னா இன்னும் பேச்சு பாக்கி இருக்குது. இடுப்புக்குப் போச்சுன்னா கிளாஸைக் கீழ வெச்சுட்டு ஓரமா நில்லு. அப்பால வேட்டி. கணுக்கால்ல கெடந்தது முட்டிக்கு மேல ஏறும். ஏத்திக் கட்டற வேகத்துலயே ஆளைச் சொல்லிடலாம். நிஜமாவே அடிக்கப் போறவன் கண்ணை எதிராளி மேல வெச்சுக்கிட்டு, கையால தடவியே கட்டிடுவான். வேட்டியைக் குனிஞ்சு பார்த்து, நுனி எங்கன்னு தேடி, ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்குதான்னு பார்த்துக் கட்டறான் பாரு, அவன் வீட்டுக்குப் போயிடுவான். பொம்பளைங்க சண்டையில முந்தானை இருக்குது. அதை இழுத்து இடுப்புல செருகியாச்சுன்னா பஞ்சாயத்துக்காரங்க அந்தத் தெருப் பக்கமே போக வேணாம். பேண்ட் போட்ட உங்களுக்குத்தான் பாவம் கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. சட்டைக் கையை மடிக்கிறே, காலரைத் தூக்கறே, பொத்தானைப் பிச்சுக்கறே.

நம்ம பேச்சும் இந்தத் துணி வழியாத்தான் வந்திருக்குது. வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தான்ங்கறோம். கச்சை கட்டிக்கிட்டு நிக்கிறான்ங்கறோம். வேட்டியை உருவிடுவேன்ங்கறோம். கட்டறதுல ஆரம்பிச்சு அவுக்கறதுல முடியுது. தறிக்குழியில காலை விட்டு ஆயுசைக் கழிச்ச எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம். எவன் வீரம் பேசினாலும் எங்க சரக்கு இல்லாம பேச முடியாது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. சோழன் காலத்துல நெசவு செய்யற கைக்கோளருங்க படையிலயும் இருந்தாங்க. 'தெரிஞ்ச கைக்கோளர்'னு, ராஜாவோட பட்டப்பேரை முன்னால சேர்த்து, படைப் பிரிவுங்க கல்வெட்டுல வருது. அதனால நெசவாளி தெருவுல வந்து சட்டைக் கையை மடிக்கறதுக்கு முன்னால கொஞ்சம் விசாரிச்சுக்க.

துணி ஆச்சா. அடுத்தது உனக்கு ஒரு ஆளு வேணும். கூட சேர்ந்து அடிக்க இல்ல, உன்னைப் பிடிச்சுக்க. "விடுங்கடா என்னை, இன்னிக்கு அவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்"னு துள்றான் பாரு, துள்றதுக்கு முன்னால அவன் கண்ணு ஒரு சுத்து சுத்தி, பிடிக்க ஆள் நிக்கிறானான்னு பார்த்துக்கும். ரங்கசாமி குளத்தாண்ட ஒருத்தன் அப்படித்தான் துள்ளிக்கிட்டு இருந்தான். பிடிச்சுக்கிட்டு இருந்தவன் கிட்ட கடைக்காரன் டீயை நீட்டினான். இவன் அதை வாங்கறதுக்காகக் கையை விட்டுட்டான். துள்ளினவன் நாலடி முன்னால போனான், நின்னான், திரும்பினான். "ஏண்டா விட்டே?" எதிராளிக்குக் கிடைக்க வேண்டிய கெட்ட வார்த்தை அத்தனையும் டீ வாங்கினவனுக்குப் போச்சு. எதிராளியே வந்து ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வெச்சான்.

அப்பால பந்தயம். "உன்னை அடிக்கலன்னா மீசையை எடுத்துக்கறேன்"னு சொன்னியாமே. எந்த மீசைடா? சரி, வர்றப்போ எடுத்துக்க.

எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியார், ரிட்டயர் ஆனதுக்கு அப்பால தறியாண்ட வந்து உக்காந்து புறநானூறு சொல்வார். நான் பாட்டுக்கு நாடாவைத் தள்ளிக்கிட்டே கேப்பேன். இந்த மீசைப் பந்தயத்துக்குப் பழைய பேரு வஞ்சினம்னார். அந்தத் துறைக்கு 'வஞ்சினக் காஞ்சி'ன்னே பேராம். ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதோ இல்லையோ, சண்டைக்குக் கூப்பிடற பாட்டுக்கு நம்ம ஊர்ப் பேரு விழுந்ததுல எனக்குக் கொஞ்சம் பெருமை. 71, 72, 73ன்னு வரிசையா மூணு பாட்டு, மூணும் ராஜாக்களே சொன்னது. தலையாலங்கானத்துல ஜெயிச்சானே நெடுஞ்செழியன், அவனை எதிரிங்க சின்னப் பயன்னு சொல்லிச் சிரிச்சாங்க. உன்னையும் அவன் அப்படித்தானே சொன்னான்? நெடுஞ்செழியன் பதிலுக்கு அவங்க அம்மாவை இழுக்கல. இவங்களை முறியடிக்கலன்னா என் குடிஜனங்களே என்னைக் கொடுங்கோலன்னு தூத்தட்டும், மாங்குடி மருதன் தலைமையில இருக்கற புலவருங்க என் நாட்டைப் பாடாம போகட்டும், கேட்டு வந்தவனுக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லாத வறுமை எனக்கு வரட்டும்னான். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் இன்னும் ஒரு படி மேல போனான். ஜெயிக்கலன்னா என் பெண்டாட்டியை விட்டுப் பிரிஞ்சவனா ஆகறேன்னான்.

கவனிச்சியா? அத்தனை சாபமும் தன் தலையிலதான். நீ வைக்கிற மீசை பதினஞ்சு நாள்ல முளைச்சுடும். அவங்க வெச்சது போனா வராத சாமான். இப்ப நீங்க ஒரு வஞ்சினம் சொல்றதுக்கு எதிராளி வீட்டு அம்மா, அக்கா, ஆயான்னு மூணு தலைமுறைப் பொம்பளைங்க வேண்டியிருக்குது. அவங்க பாட்டுக்கு வீட்டுல தார் சுத்திக்கிட்டு இருப்பாங்க.

மூணாவது ஆளு சோழன் நலங்கிள்ளி. அவன் பேச்சுதான் எனக்குப் பிடிச்சது. மெதுவா வந்து காலைத் தொட்டுக் கேட்டா ராஜ்யம் என்ன, உசிரையே கொடுத்துடறேன். திமிரா வந்தா அப்பால நடக்கறதே வேறன்னான். கூப்பிடறப்பவே எதிராளி திரும்பிப் போறதுக்கு ஒரு வாசலைத் திறந்து வெச்சிருக்கான் பாரு. உன் பேச்சுல வாசல் எங்க இருக்குது? "ஆம்பளையா இருந்தா வா"ன்னுட்டா அவன் வந்துதான் தீரணும், இல்லன்னா ஆம்பளை இல்லன்னு ஆயிடும். சிக்க வெச்சவனும் நீதான், அப்பால வந்துட்டானேன்னு முழிக்கிறவனும் நீதான்.

காஞ்சின்னதும் வாத்தியார் இன்னொண்ணு சொன்னார். புறப்பொருள் வெண்பாமாலை எழுதின ஐயனாரிதனார், படையெடுத்து வர்றவனை எதிர்த்து நின்னு தடுக்கறதுக்குக் காஞ்சித் திணைன்னு பேரு வெச்சார். அவருக்கு முன்னாலயே தொல்காப்பியர், உலகத்துல எதுவும் நிலைக்காதுன்னு சொல்றதுதான் காஞ்சின்னுட்டுப் போயிட்டார். ஒருத்தர் எழுந்து நில்லுங்கறார், இன்னொருத்தர் எல்லாம் போயிடும், விட்டுடுங்கறார். ராத்திரி உன்னை மாதிரி ஆளுங்களுக்கு ஐயனாரிதனார், காலையில போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல தொல்காப்பியர்.

நான் வஞ்சினம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டது கூத்துல. நம்ம தொண்டைமண்டலத்துல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வைக்கிறப்போ, ராத்திரி பூரா கட்டைக்கூத்து நடக்குமே, அதுல. துகிலுரிதல் அன்னிக்கு நெசவுக்காரன் எல்லாம் மொதல் வரிசையில உக்காந்துடுவோம். துச்சாதனன் இழுக்க இழுக்கச் சேலை வந்துக்கிட்டே இருக்குமே, எங்க பெரியவங்க யாராவது ஒருத்தர் கண்டிப்பாக் கேப்பாங்க: "இதுக்குப் பாவு போட்டவன் யாருடா, அவனுக்குக் கூலி கொடுத்தாங்களா?" துரியோதனன் தொடையைத் தட்டிக் காட்டுவான். அந்தத் தொடையை உடைக்கிறேன்னு பீமன் சபதம் போடுவான். முடியைக் கட்ட மாட்டேன்னு திரௌபதி சொல்லிடுவா. கடைசி நாள் படுகளம், காலையில. துரியோதனனை மண்ணுலயே பெருசாப் படுக்க வெச்சிருப்பாங்க, அவன் காலாண்ட நின்னா தலை எங்கன்னு எட்டிப் பார்க்கணும், அத்தனை பெருசு. வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த மண்ணு உடம்பைச் சுத்திச் சுத்தித் துரத்துவாங்க. ரெண்டு பேரும் நிறுத்தி நிறுத்தித் திட்டுவாங்க, அவங்கவங்க பரம்பரையைச் சொல்லுவாங்க, எதிராளி பண்ணின அக்கிரமத்தைத் தேதிவாரியாச் சொல்லுவாங்க. வெயில் ஏறிக்கிட்டே போகும், அடி விழாது. தொடை உடையறதுக்குக் கொஞ்ச நேரந்தான், திட்டுறதுக்குத்தான் காலை பூரா. தொடை தட்டிக் கூப்பிடறதுன்னு இன்னிக்கும் சொல்றோமே, தட்டினவன் தொடை என்ன ஆச்சுன்னு சொல்லிக் கொடுக்கத்தான் அந்த மண்ணுப் பொம்மை.

திட்டாமலே கூப்பிட முடியுமான்னு கேக்கறியா? அதுக்கு ஒரு பொம்பளைப் புலவர் இருந்தா. தொண்டைமானுக்கும் தகடூர் அதியமானுக்கும் ஆகல. அதியமான் ஔவையைத் தூது அனுப்பிச்சான். தொண்டைமான் அவளை மரியாதையா வரவேத்து, நேரா ஆயுதக் கொட்டிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். பேச்சு ஒண்ணும் இல்ல. பாரும்மா எத்தனை வேலு, எத்தனை வாளுன்னு கண்ணுல காட்டறதுதான் அவன் விட்ட சவால். இப்ப சில பேரு அருவாளைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ போடறானே, அதே புத்திதான்.

ஔவை என்ன பண்ணினா? சுத்திப் பார்த்துட்டு மெச்சினா. ஆகா, இங்க இருக்கறதெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசி, பெரிய காவல் வீட்டுல எத்தனை அழகா இருக்குது! எங்க ஆளோடது இருக்குதே, பாவம், எதிரியைக் குத்திக் குத்தி நுனி முறிஞ்சு, கொல்லன் பட்டறைக் குடிசையில கெடக்குதுன்னா. அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்ல, குரல் ஏறல, முந்தானையை இழுத்துச் செருகல. தொண்டைமான் சிரிக்கணுமா கோவிச்சுக்கணுமான்னு தெரியாம நின்னிருப்பான். கோவிச்சுக்கிட்டா, புகழ்ந்ததுக்கா கோவம்னு ஊரு சிரிக்கும். புறநானூறு 95ஆம் பாட்டு. உன் போன்ல தேடிப் பாரு, நாள் பூரா அதைத்தானே தடவறே.

நம்ம ஊர் ராஜா ஒருத்தரே தெருச்சண்டையை நாடகமா எழுதியிருக்கார், தெரியுமா? மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டு ஆரம்பம். 'மத்தவிலாசப் பிரகசனம்'னு பேரு, எழுதினது சமஸ்கிருதத்துலயும் பிராகிருதத்துலயும், நடக்கறது காஞ்சிபுரம் வீதியில. சத்தியசோமன்னு ஒரு கபாலி, பெண்டாட்டி மாதிரி கூடவே சுத்தற தேவசோமையோட கள்ளுக்கடையில நல்லாக் குடிச்சுட்டு வர்றான். வந்து பார்த்தா பிச்சையெடுக்கிற மண்டையோட்டைக் காணோம். அதுல சுட்ட கறி இருந்துச்சு, அதனால எடுத்தது நாயா இருக்கணும், இல்ல புத்தபிக்குவா இருக்கணும்னு தீர்மானம் பண்றான். அந்த நேரம் பார்த்து நாகசேனன்னு ஒரு பிக்கு, தன் திருவோட்டைத் துணியில மறைச்சுக்கிட்டு வர்றார். அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாங்க. தேவசோமை பாய்ஞ்சு பிக்குவோட முடியைப் பிடிக்கப் போறா. மொட்டைத் தலை. பிடி கிடைக்காம தானே போய் விழறா. மொட்டை அடிச்சுக்கச் சொன்ன புத்தர் எவ்வளவு புத்திசாலின்னு பிக்கு மனசுக்குள்ள மெச்சிக்கிறார். நடுவுல பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வர்றான், எனக்கென்னமோ அவனுக்கு சண்டை முடியறதுல அவ்வளவு அக்கறை இல்லன்னு படுது. கோர்ட்டுக்குப் போகலாம்ங்கறாங்க. தேவசோமை சொல்றா: போய் என்ன ஆகப்போகுது, இவங்க மடத்துல பணம் இருக்குது, அதிகாரிங்க வாயை அடைச்சுடுவாங்க, நம்மகிட்ட சாம்பலும் பாம்புச் சட்டையுந்தானே இருக்குது? எழுதினவரு யாரு? அந்த ஊர் ராஜா, அந்தக் கோர்ட்டுக்கே எஜமான்! கடைசியில ஒரு பைத்தியக்காரன் மண்டையோட்டைக் கொண்டாந்து கொடுக்கிறான், நாய்கிட்டேர்ந்து பிடுங்கினதுன்னு. உன் சண்டையிலயும் அந்த நாய் எதுன்னு கண்டுபிடிச்சுட்டுப் போ.

அப்படி எழுதின மகேந்திரவர்மனையே ஒருத்தன் கூப்பிட்டான். வாதாபி சாளுக்கியன் ரெண்டாம் புலிகேசி. அவன் ஆளு ரவிகீர்த்தி 634ல ஐஹொளேயில கல்லுல வெட்டி வெச்சான்: பல்லவ ராஜா எங்க படைக்குப் பயந்து காஞ்சி மதிலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்னு. "வெளிய வாடா"ன்னு கூப்பிட்டும் வரலன்னு ஊருக்கெல்லாம் சொல்றது, அதுவும் அழியாத எழுத்துல. மகேந்திரனோட மகன் நரசிம்மவர்மன் சும்மா இருப்பானா? அவன் பட்டப்பேரே மாமல்லன், பெரிய குஸ்திக்காரன். 642ல வாதாபிக்கே போய் அடிச்சுட்டு, வாதாபி கொண்டான்னு இன்னொரு பேரையும் வெச்சுக்கிட்டான். அதைச் செப்பேட்டுல எழுதினவங்க நக்கலைப் பாரு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல கூரம் இருக்குதே, அந்த ஊர்ச் செப்பேட்டுல இருக்குது: பரியளம், மணிமங்கலம், சூரமாரம்னு போன எடத்துல எல்லாம் புலிகேசி முதுகைக் காட்டினான், அந்த முதுகையே பட்டயமா வெச்சு நரசிம்மவர்மன் 'விஜயம்'னு எழுதினான்னு. அதே செப்பேடு, மாமல்லனோட பேரன் பரமேசுவரவர்மன் காலத்துல வந்தது. அவன் கிட்ட தோத்த சாளுக்கிய விக்கிரமாதித்தன், லட்சக்கணக்குல படையோட வந்தவன், ஒரு கந்தலை மட்டும் சுத்திக்கிட்டு ஓடினானாம். வேட்டியை உருவிடுவேன்னு நீ இன்னிக்கு சொன்னதை இவங்க செம்புத் தகட்டுலயே அடிச்சு வெச்சிருக்காங்க. சாளுக்கியங்க பட்டயத்துல கேட்டா கதை வேற மாதிரி, அதுல காஞ்சிபுரம்தான் தோத்திருக்கும். சண்டை முடிஞ்சு போச்சு, யாரு ஓடினாங்கங்கற சண்டை மட்டும் முடியவே இல்ல.

மகேந்திரவர்மன் எதிரிங்களை அழிச்சான்னு பல்லவங்க சொல்லிக்கிற எடம் புள்ளலூர். இங்கேர்ந்து பைக்குல போனா அரை மணி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு அதே ஊர்ல இன்னொரு சண்டை. 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலியும் திப்புவும் ஒரு பக்கம், கர்னல் பெய்லியோட கம்பெனிப் படை இன்னொரு பக்கம். பெய்லி, மன்ரோ வருவான் வருவான்னு பார்த்துக்கிட்டே இருந்தான். ஹெக்டர் மன்ரோ லேசுப்பட்ட ஆளு இல்ல, பக்சார்ல ஜெயிச்சவன். பெரிய படையோட நம்ம காஞ்சிபுரத்துலதான் இருந்தான். கொஞ்சம் ஆளை அனுப்பிச்சான், தான் கிளம்பிப் போய்ச் சேரறதுக்குள்ள பெய்லி பிடிபட்டுட்டான். மன்ரோ என்ன பண்ணினான் தெரியுமா? இழுத்துக்கிட்டு ஓட முடியாத பெரிய பீரங்கியை எல்லாம் இங்க குளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டுப் பக்கம் நடையைக் கட்டினான். ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு கட்டின மாளிகைச் சுவத்துல அந்தச் சண்டையைப் பெருசா வரைஞ்சு வெச்சிருக்குது, பெய்லி பல்லக்குல உக்காந்திருக்கான். தோத்தவனை எத்தனை வருஷம் கேலி பண்ணலாம்னு சாளுக்கியன் கல்லுல காட்டினான், பல்லவன் செம்புல காட்டினான், திப்பு பெயிண்டுல காட்டினான்.

ஆற்காடு நவாப் சீமையா இருந்த காலத்துல நம்ம வாய்க்குள்ள நுழைஞ்ச வார்த்தைங்கதான் நீ இன்னிக்குக் கத்தினதுல பாதி. சவால், குஸ்தி, தில் எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. அவங்க பாஷையில சவால்னா வெறும் கேள்வி, ஜவாப்னா பதில். கேள்வி கேட்டா பதில் சொல்லணும். நீங்க செங்கல்லைத் தேடறீங்க.

இப்ப உங்க காலத்துக் கூப்பாடு இன்னும் சுலபம். "லொகேஷன் அனுப்புடா"ங்கறான். இவன் அனுப்பறான். ரெண்டு பேரும் வேற வேற எடத்துல உக்காந்துக்கிட்டு டிராபிக்னு சொல்லிக்கிறாங்க. இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. துண்டும் இல்ல, பிடிக்க ஆளும் இல்ல, டீக்கடைக்கும் வியாபாரம் இல்ல.

எல்லாத்துலயும் மோசமான கூப்பாடு ஒண்ணு இருக்குது. "உன்னைக் கோர்ட்டுல பாத்துக்கறேன்." அதை மட்டும் சொல்லிடாதே. சின்ன காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள் கோயில்ல, சாமி முன்னால எந்தக் கலைக்காரங்க பிரபந்தம் சொல்றது, யாரு எதைத் தொடங்கறதுன்னு வடகலைக்கும் தென்கலைக்கும் வந்த தகராறு, வெள்ளைக்காரன் காலத்துல கோர்ட்டுப் படி ஏறினது. நாலு தலைமுறை வக்கீலுங்க பார்த்தாச்சு, இந்தப் பத்து வருஷத்துல கூட ஐகோர்ட்டு உத்தரவு போட்டுக்கிட்டுத்தான் இருக்குது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடறதுங்கறதே வழக்கா நடந்த கதையை ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க. யானையை யாரும் கேக்கல. டீக்கடையில "வாடா"ன்னு ஆரம்பிச்சிருந்தா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

சரி, எழுந்திருக்காதே, இன்னும் ஒரே ஒரு ஆளு பாக்கி. வாதாபியை அடிச்சு நூறு வருஷம் ஆனதுக்கு அப்பால, சாளுக்கியன் ரெண்டாம் விக்கிரமாதித்தன் படையோட வந்து காஞ்சிபுரத்தைப் பிடிச்சான். எள்ளுத்தாத்தா முதுகுல எழுதினது, கொள்ளுத்தாத்தா கந்தலோட ஓடினதுன்னு இவங்க அடிச்ச பேச்செல்லாம் அவன் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? கைலாசநாதர் கோயிலுக்குப் போனான், அங்க இருந்த செல்வத்தைப் பார்த்தான். ஒண்ணையும் தூக்கல. அத்தனையும் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்த சேதியை அந்தக் கோயில் தூண்லயே கன்னடத்துல வெட்டி வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டான். பல்லவன் கட்டின கோயில்ல, பல்லவன் ஊர்ல, இன்னிக்கும் நிக்குது. நம்ம ஊருக்கு வந்து கூப்பிட்டவங்கள்ல முழுசா ஜெயிச்சவன் அவன் ஒருத்தன்தான்னு நான் சொல்லுவேன்.

அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு தடவை பாரு. தூணைத் தொட்டுடாதே, தொல்லியல் துறைக்காரன் விசில் அடிப்பான்.